கரும்பலகையில் கேள்வி எழுதிய தவணை

வகுப்பில் ஒரே இடத்தில் நிற்கத் தெரியாதவள் நான். படிப்பிக்கத் தொடங்கினால் கால் தானாக நடக்கும். கரும்பலகையிலிருந்து கடைசி வாங்குக்கு, அங்கிருந்து யன்னலுக்கு, யன்னலிலிருந்து திரும்பப் பலகைக்கு. வாயும் காலோடு போட்டி போட்டு ஓடும். பிள்ளைகள் எனக்கு ‘மினிபஸ்’ என்று பட்டம் வைத்திருந்தார்கள். வேகமாகப் போகும், தரிப்பில் நிற்காது, ஏறியவர் ஏறினார், விட்டவர் விட்டார். அந்தப் பட்டம் எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

புதிதாக இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். வயது போய் ஓய்வு பெற்றவள் அல்ல நான். முப்பது தாண்டியதும் வேலையை விட்டுவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் ஒருவரைக் கலியாணம் செய்யப் போகிறவள். ஆனாலும் வேலையை விட்டவர் எல்லாரும் ஒரே கட்சிதான்: இனி எங்களுக்குப் பாடவேளை இல்லை, கதை மட்டும் இருக்கிறது. விலங்கியல் எப்படிப் படிப்பிப்பது என்று என்னிடம் கேட்டீர்கள். அது புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

தொண்ணூற்றொன்றில் இங்கே வந்தேன். ஊர் வல்வெட்டித்துறை; அங்கிருந்து தினமும் சைக்கிளில் வந்துபோக முடியாத தூரம். சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தேன். என்னோடு பல்கலைக்கழக வளாகத்தில் படித்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த காலம். யாராவது பயணம் சொல்ல வந்தால் தேநீர் ஊற்றிக் கொடுப்பேன். கோப்பையைக் கழுவி வைக்கும்போது இனி இந்தக் கோப்பைக்கு ஆளில்லை என்று தெரியும். மின்சாரம் இல்லை. மாலையானால் விளக்கைக் கொளுத்தி வைத்து அடுத்த நாள் பாடத்தைச் சுவருக்குச் சொல்லிப் பார்ப்பேன். சுவரும் என் வேகத்தைப் பற்றி முறைப்பாடு எதுவும் சொன்னதில்லை.

முறைப்பாடு சொன்னவள் தர்மினி.

உயர்தர உயிரியல் வகுப்பு தொடங்கி முதலாவது கிழமை. வகுப்பாசிரியை நான். மணி அடித்து எல்லாரும் வெளியே போன பிறகு ஒரு மெலிந்த பிள்ளை மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல், தேவைக்குக் கொஞ்சம் கூடின சத்தத்தில் வந்தது. விறாந்தையில் போன பொடியன்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“ரீச்சர், ஒரு விசயம் கதைக்கலாமோ?”

“ஓம், சொல்லும்.”

“நீங்கள் நடந்து நடந்து படிப்பிக்கிறியள். பின்னுக்கு நிண்டு சொல்றது எனக்கு வராது. எனக்குக் காது கேக்காது. வாயைப் பாத்துத்தான் விளங்கிறனான்.”

நான் சட்டென்று இரக்கத்துக்குள் விழுந்தேன். “அப்பிடியோ பிள்ளை. நாளையிலையிருந்து முன் வாங்கிலை வந்து இரும்.”

“முன் வாங்கிலைதான் ரீச்சர் இருக்கிறன்.”

அப்போதுதான் கவனித்தேன். ஆம், முன் வாங்கு, நடு இடம். என் மேசைக்கு நேரே.

“எல்லாரும் என்னை முன்னுக்குத்தான் இருத்தினம்,” என்றாள். “அங்கையிருந்தா உங்களைத் தவிர ஒருத்தரையும் தெரியாது. பின்னாலை ஆரும் கேள்வி கேட்டா, நீங்கள் அதுக்குப் பதில் சொன்னா, கேள்வி என்னெண்டு தெரியாமல் பதிலை மட்டும் எழுதுவன். எனக்குக் கரையிலை, சுவரோடை, ரெண்டாவது வாங்கு தாங்கோ. அதிலை இருந்தா எல்லாற்றை முகமும் தெரியும். மற்றது, நீங்கள் ஒரு இடத்திலை நில்லுங்கோ. போர்டைப் பாத்துக்கொண்டு கதைக்காதேங்கோ. எழுதிப்போட்டுத் திரும்பிச் சொல்லுங்கோ.”

முன் வாங்கு என்பது எங்கள் எல்லாருடைய பிழை. கண் தெரியாத பிள்ளை, காது கேளாத பிள்ளை, நோயாளிப் பிள்ளை, யாராக இருந்தாலும் முன்னுக்கு இருத்திவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். என்ன வேண்டும் என்று அந்தப் பிள்ளையைக் கேட்பதில்லை. உங்கள் வகுப்பில் முன் வாங்கில் இருப்பவர்களை நாளைக்கு ஒருமுறை பாருங்கள்.

அவளுக்கு எட்டு வயது வரை நன்றாகக் கேட்டதாம். பிறகு மூளைக்காய்ச்சல். உயிர் தப்பியது, காது போனது. கொழும்பிலிருந்து எடுப்பித்த காதுக்கருவி ஒன்று இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு சாதாரண தரம் வரை சமாளித்தாள். பிறகு சண்டையில் கொழும்புப் பாதை பூட்டியது, பற்றறி வருவது நின்றது. நாங்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுழற்றி டைனமோவில் றேடியோ கேட்டோம், நினைவிருக்கிறதா? நகம் அளவான பற்றறிக்கு அப்படி ஒரு மாற்று இல்லை. கருவி பெட்டிக்குள் போனது. எங்கள் எல்லாருக்கும் பொருளாதாரத் தடை என்பது சவர்க்காரமும் மண்ணெண்ணெயும். அவளுக்கு மட்டும் அது மனிதர்களின் குரல்.

நான் நிற்கப் பழகினேன். லேசு என்று நினைக்காதீர்கள். மேசைக் காலுக்குப் பின்னால் என் ஒரு காலைச் செருகி வைத்துக்கொண்டு படிப்பித்தேன். இரண்டாம் நாள் பின் வாங்கிலிருந்து ஒருவன் மெதுவாக, “மினிபஸ் பழுதாப் போச்சடா, தள்ளுவமே?” என்றான். வகுப்பு சிரித்தது. சுவரோரத்தில் இருந்த தர்மினியும் அவன் வாயைப் பார்த்துவிட்டு, எல்லாரோடும் அதே நேரத்தில் சிரித்தாள். அந்த இடத்தை அவள் ஏன் கேட்டாள் என்று எனக்கு முழுதாக விளங்கியது அப்போதுதான்.

மற்ற ஆசிரியர்களிடமும் அவள் தனித்தனியாகப் போய்க் கேட்டாள். எல்லாரும் ஓம் என்றார்கள். ஒரு கிழமைக்கு நினைவு வைத்திருந்தார்கள். பிறகு பலகையைப் பார்த்துக் கதைத்தார்கள். அவள் திரும்பப் போய்க் கேட்டாள். இடைவேளையில் பிள்ளைகள் கும்பலாக நின்று சிரிப்பார்கள், அவள் ஒருத்தியின் தோளைத் தொட்டு, “என்ன?” என்பாள். “ஒண்டுமில்லையடி, பிறகு சொல்றன்.” அந்தப் பிறகு ஒருநாளும் வந்ததை நான் காணவில்லை. யாரும் கெட்ட பிள்ளைகள் அல்ல. ஒரு பகிடியை இரண்டாம் தரம் சொன்னால் அது செத்துப் போகும் என்பதுதான் காரணம். ஆனால் அவள் மாமரத்தடியில் தனியாக நின்று, சிரிக்கிற முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் ஆசிரியர் அறை யன்னலால் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தவணைப் பரீட்சை வந்தது. தாள் தட்டுப்பாடு. கேள்வித்தாள் அடிக்க வழியில்லை. அதனால் எங்கள் வழக்கம் என்னவென்றால், மேற்பார்வைக்கு நிற்கும் ஆசிரியர் கேள்விகளை வாசிப்பார், பிள்ளைகள் எழுதிக்கொண்டு விடை எழுதுவார்கள். இரசாயனப் பரீட்சைக்கு நின்றவர் வாங்குகளுக்கு நடுவே நடந்து நடந்து வாசித்திருக்கிறார். அவர் முகம் தெரிந்த நேரம் சொன்ன கேள்விகள் தர்மினிக்குக் கிடைத்தன. முதுகு தெரிந்த நேரம் சொன்னவை கிடைக்கவில்லை. பக்கத்துப் பிள்ளையின் தாளை எட்டிப் பார்த்தாள். கொப்பி அடிக்கிறாள் என்று அவளை எழுப்பி விறாந்தையில் தனி மேசை போட்டு இருத்தினார்கள். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. பாதித் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இரசாயனம் படிப்பித்தவர் எங்களில் மூத்தவர். எல்லாரும் ‘பெரிய சேர்’ என்போம். கடுமையான மனிதர், ஆனால் ஈரமுள்ளவர். தாளைப் பார்த்துவிட்டு என் முன்னாலேயே அவளைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, நீ கவலைப்படாதை. நான் நாப்பது போட்டு விடுறன்.”

“வேண்டாம் சேர்.”

“என்னடி வேண்டாம்? பாஸ் பண்ணினமாதிரி இருக்கும்.”

“நான் பாஸ் பண்ணேல்லை. எனக்குக் கேள்வியைத் தாங்கோ.”

பெரிய சேர் என்னைப் பார்த்தார். கொடுத்ததை வாங்காத பிள்ளையை அவர் அதற்கு முன் கண்டதில்லை. அவரைக் கோபப்படுத்தியது அவள் மறுத்தது அல்ல; அவருடைய இரக்கத்துக்கு வேலை இல்லாமல் போனது. விசயம் பள்ளிக்கூட அதிபரிடம் போனது. உயர்தரத்தில் இவளை வைத்திருக்க முடியுமா என்ற கேள்வி அங்கே எழும்பியது. தகப்பனைக் கூட்டி வரச் சொன்னார்கள்.

அதற்கு முதல் நாள் அவள் என்னிடம் வந்தாள். நான் அவளுக்காக என்ன என்ன வாதிடலாம் என்று நாலு நாளாக மனத்துக்குள் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன்.

“ரீச்சர், நாளைக்கு நீங்கள் எனக்காகக் கதைக்க வேண்டாம்.”

“ஏன் பிள்ளை?”

“நீங்கள் கதைச்சா அவை உங்களோடை கதைப்பினம். நான் பாத்துக்கொண்டு நிப்பன். எனக்கு முன்னாலை இருந்து, அவை சொல்றதை அப்பிடியே எனக்குத் திருப்பிச் சொல்லுங்கோ. அது காணும். ஒண்டையும் விடாதேங்கோ.”

சரி என்றேன். என்னத்துக்குச் சரி சொன்னேன் என்று அப்போது தெரியவில்லை.

அதிபரின் அறை. அவர் மேசைக்குப் பின்னால். பக்கத்துக் கதிரையில் பெரிய சேர். எதிரே தர்மினியின் தகப்பன், கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர், கஞ்சி போட்ட வெள்ளைச் சேட்டோடு கதிரையின் நுனியில். நான் அவளுக்கு முகம் காட்ட வேண்டுமென்றால் அதிபருக்கு முதுகு காட்ட வேண்டும். கதிரையைத் திருப்பிப் போட்டு இருந்தேன்.

“என்ன பிள்ளை, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறீர்?” என்றார் அதிபர்.

“அவவுக்கு முகம் காட்ட வேணும் சேர்,” என்றேன். அதையும் தர்மினிக்குத் திருப்பிச் சொன்னேன். அவள் வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

அதிபர் மோசமான மனிதர் அல்ல. அவருக்கு ஒரு பயம் இருந்தது. அது நியாயமான பயம். “படிப்பு ஒரு பக்கம். நாளைக்குப் பொம்பர் வந்து சுத்தினா இவளுக்குக் கேக்குமே? எல்லாரும் பங்கருக்குள்ளை ஓட, இவள் புத்தகத்தைப் பாத்துக்கொண்டு இருந்தாளெண்டா? ஒண்டு நடந்தா ஆர் பொறுப்பு? நானல்லோ?”

சொன்னேன். ஒரு சொல் விடாமல்.

“பிளேன் வந்தா எல்லாரும் எழும்புவினம்,” என்றாள் தர்மினி. “அது தெரியும். கண் இருக்கு.”

பெரிய சேர் தொண்டைக்குள் சிரித்தார். அப்போதுதான் தகப்பன் அதிபர் பக்கமாகக் குனிந்தார். குரலைத் தணித்துக்கொண்டார். பழக்கம் பாருங்கள்: கேட்காத பிள்ளைக்கு முன்னாலும் குரலைத் தணிக்கிறோம்.

“சேர், நான் உங்களோடை முந்தியே கதைச்சதுதானே. அவளின்ரை மனத்துக்காகத்தான் இண்டைக்குக் கூட்டிக்கொண்டு வந்தனான். ஏலாது எண்டு நீங்கள் சொன்னா, அவள் என்னிலை கோவிக்க மாட்டாள். தையலுக்கு விடுறன். நானும் எத்தினை பேரிட்டைக் கெஞ்சித் திரியிறது.”

அவருக்குப் பக்கவாட்டில் இருந்த தர்மினிக்கு வாய் தெரியவில்லை. என்னைப் பார்த்தாள்.

“அப்பா என்ன சொன்னவர்?”

என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஒரு கணம் வேறு இல்லை. மென்மையாக்கலாம். ‘அப்பா உம்மிலை கவலைப்படுறார்’ என்றால் அது பொய்யும் இல்லை. கூட்டம் முடிய மெதுவாகச் சொல்லலாம் என்றும் மனம் சொன்னது. இரண்டு வழியும் அன்பு போலவே இருந்தன. ஆனால் அவளுடைய வாழ்க்கையை முடிவுசெய்யும் அறைக்குள், எல்லாருக்கும் தெரிந்த ஒன்று அவளுக்கு மட்டும் தெரியாமல் இருக்கும். அப்படி இருந்துகொண்டு அவள் எப்படிக் கேட்பாள்?

சொன்னேன். முந்தியே கதைத்ததை, கோவிக்க மாட்டாள் என்றதை, கெஞ்சித் திரிவதை. தகப்பனின் தலை நான் சொல்லச் சொல்லக் குனிந்தது.

தர்மினி தகப்பனைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

“அப்பா, நீங்கள் ஒருத்தரிட்டையும் கெஞ்ச வேண்டாம். நான் கெஞ்சேல்லை. கேக்கிறன்.” பிறகு பெரிய சேரின் பக்கம் திரும்பினாள். “சேர், நீங்கள் தாறன் எண்ட புள்ளி வேண்டாம். புதுக் கேள்வியா எண்டாலும் பரவாயில்லை, போர்டிலை எழுதித் தாங்கோ. அதிலை நான் பிழை விட்டா, அது என்ரை மொக்குத்தனம். அப்ப தையலுக்குப் போறன். கேள்வி தெரியாமல் போகமாட்டன்.”

அதிபர் பேனையை மூடித் திறந்து மூடினார். “சரி. ஒரு பரீட்சை. அதைப் பாத்துத்தான் மிச்சம்,” என்றார். அதையும் சொன்னேன்.

வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் தகப்பன் என்னை மறித்தார்.

“ரீச்சர், நான் சொன்னதை ஏன் அவளுக்குச் சொன்னனீங்கள்?”

“அவ கேட்டவ.”

“கேட்டா? எட்டு வயசிலையிருந்து நான் இவளைத் தூக்கிக்கொண்டு திரியிறன். நீங்கள் ஒரு நிமிசத்திலை என்னை ஆரோ ஆக்கிப்போட்டியள்.”

அவர் சைக்கிளை எடுத்தார். தர்மினி பின்னால் ஏறி இருந்தாள். அவர் ஏதோ சொல்லிக்கொண்டே மிதித்துப் போனார். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த அவளுக்கு அதில் ஒன்றுமே தெரிந்திருக்காது. வீடு வரைக்கும் அப்படியே போயிருப்பார்கள்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை தனக்காகக் கேட்கும்போது பக்கத்தில் நின்றால், அதற்குச் செலவு உண்டு. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஆசிரியர் அறையில் எனக்கு ‘றேடியோ’ என்று பெயர் வந்தது. சொன்னதை அப்படியே ஒலிபரப்புகிறவள். நான் உள்ளே போனால் கதை நிற்கும்.

“என்ன கதை போகுது?” என்பேன்.

“ஒண்டுமில்லை ரீச்சர். இருங்கோ.”

பகையாக அல்ல, மரியாதையாகத்தான். தேநீர் தருவார்கள், கதிரை தருவார்கள். கதை மட்டும் தரமாட்டார்கள். பின்னேரம் அறைக்குப் போய்ச் சுவரோடு பாடம் சொல்லும்போது, அன்று முழுக்க வகுப்புக்கு வெளியே ஒருவரோடும் நாலு வசனம் கதைக்கவில்லை என்பது தெரியும். கேட்கிற காதை வைத்துக்கொண்டு நான் இரண்டு தவணை இப்படி இருந்தேன். அவள் இப்படி இருக்கத் தொடங்கி எவ்வளவு காலம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பரீட்சையை ஒரு சனிக்கிழமை வைத்தார்கள். பெரிய சேருக்குச் செத்தவீடு ஒன்று; கேள்விகளை என்னிடம் தந்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்தில் நானும் அவளும் மட்டும். கேள்விகளைப் பலகையில் பெரிதாக எழுதினேன். முடிகிற நேரத்தை மூலையில் போட்டேன். அவள் பலகையை ஒருமுறை முழுவதும் வாசித்தாள். அவ்வளவு ஆறுதலான முகத்தை நான் அவளில் அதற்கு முன் பார்த்ததில்லை. எழுதத் தொடங்கினாள்.

பாதி நேரம் போயிருக்கும். தெற்குப் பக்கம் இரைச்சல் கேட்டது. முதலில் லொறி என்று நினைத்தேன். பிறகு அது வட்டம் போடத் தொடங்கியது.

அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் எழும்புவினம் என்று அவள் சொன்னாளே. எழும்ப ஒருவரும் இல்லை. வெறும் வாங்குகள். அதிபரின் பயம் அந்த அறைக்குள் வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றதுபோல் இருந்தது. நான் ஓடிப்போய் அவள் தோளைத் தொட்டேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. பேனையை மூடி, தாளைக் கவிழ்த்து, மேல் ஒரு புத்தகத்தை வைத்துவிட்டுத்தான் வந்தாள்.

பங்கருக்குள் இருட்டு. பனங்குற்றியும் மண்மூட்டையும் போட்டு மூடிய குழி. வாசலால் வரும் வெளிச்சம் எங்கள் கால் வரையும்தான் வந்தது. அவளுக்குத் தைரியம் சொல்ல வாயெடுத்தேன். எடுத்த பிறகுதான் உறைத்தது: இங்கே என் முகம் இல்லை. நான் என்ன சொன்னாலும் அது எனக்கு மட்டும்தான்.

அவள் மண்சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் குண்டு விழுந்தது. “விழுந்திட்டுது,” என்றாள். கை சொல்லியிருக்கிறது. பிறகு அந்த ஒரே சீரான குரலில் கதைக்கத் தொடங்கினாள்.

“ரீச்சர், உங்கடை முகம் தெரியேல்லை. அதாலை நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். நான் சொல்றன். ஒபிசிலை நான் சொன்னது பிழை. ஆக்கள் இருந்தாத்தான் எனக்குத் தெரியும். ஆக்கள் இல்லாட்டித் தெரியாது. இதைப் பிறின்சிப்பலுக்கு நீங்கள் சொல்லாதேங்கோ. நான்தான் சொல்லுவன்.”

இருட்டில் தலையாட்டினேன். அதுவும் அவளுக்குத் தெரியாது.

“அப்பா சொன்னதை நீங்கள் சொன்னதுக்கு அவர் உங்களிலை கோவம். எனக்குத் தெரியும். நான் மூண்டு நாள் அவரோடை கதைக்கேல்லை. பிறகு அவர் விளக்கை முகத்துக்குக் கிட்டப் பிடிச்சுக்கொண்டு வந்திருந்து, எனக்குப் பயம் பிள்ளை எண்டு சொன்னவர். எனக்கு அவர் அப்பிடி முகத்தைக் காட்டிக் கதைச்சது அண்டைக்குத்தான்.” நிறுத்தினாள். “ஆக்கள் எனக்குச் சொல்றது கொஞ்சம் எண்டு தெரியும் ரீச்சர். என்னத்தைச் சொல்லாமல் விட்டவை எண்டுதான் ஒருநாளும் தெரியாது. அதுதான் தனிய இருக்கிறமாதிரி.”

நான் அவள் கையைத் தேடிப் பிடித்தேன். வேறு பாசை அங்கே இருக்கவில்லை.

இரைச்சல் ஓய்ந்து வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. சந்தைப் பக்கம் எங்கோ புகை. வீட்டுக்குப் போ பிள்ளை, இன்னொரு நாள் பார்ப்போம் என்று சொல்ல நினைத்தேன். அவள் வகுப்புக்குள் போய், தன் இடத்தில் இருந்து, புத்தகத்தை எடுத்து, தாளை நிமிர்த்தினாள்.

“ரீச்சர், பங்கருக்குள்ளை போன நேரம் எனக்கு வேணும்.”

பெரிய சேரைக் கேட்க வழியில்லை. அதிபரும் இல்லை. கூட்டிக் கொடுத்தால் சலுகை என்பார்களா, கொடுக்காவிட்டால் இது பரீட்சையா? இந்த மாதிரி நேரத்தில் சட்டத்தைத் தேடாதீர்கள். எதிரே இருப்பவர் என்ன கேட்கிறார் என்று மட்டும் பாருங்கள். அவள் இரக்கம் கேட்கவில்லை. தன்னுடையதைக் கேட்டாள். மூலையில் இருந்த நேரத்தை அழித்துப் புதிய நேரத்தை எழுதினேன். அழிக்கும்போது அவள் அடுத்த வசனத்தைத் தொடங்கிவிட்டாள்.

திங்கட்கிழமை தனியாக அதிபரிடம் போனாள். என்னைக் கூப்பிடவில்லை. ‘அப்ப என்ன செய்யிறது?’ என்று அவர் கேட்டாராம். ‘எனக்குப் பக்கத்திலை எப்பவும் ஒராள் இருக்க வேணும் சேர், பிளேன் வந்தா என்னைத் தொட்டா காணும்’ என்றாளாம். அதிபர் அதற்குச் சம்மதித்தார்; அதோடு, அடுத்த தவணையிலிருந்து எல்லா வகுப்புகளுக்கும் கேள்விகளைப் பலகையில் எழுதும்படி சொல்லிவிட்டார். தர்மினியின் பெயரை அதில் அவர் சொல்லவில்லை. பெரிய சேரின் புள்ளியில்தான் மிச்சம் தங்கியிருந்தது.

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று நான் விறாந்தையால் போய்க்கொண்டிருந்தேன். வகுப்பில் நல்ல அமைதி. அவர் கரும்பலகைக்கு முன்னால் நின்றார். “தர்மினி” என்றார். பக்கத்துப் பிள்ளை அவளைத் தொட்டாள். எழும்பி நின்றாள்.

பெரிய சேர் வெண்கட்டியைக் கீழே வைத்தார். முழுதாக அவள் பக்கம் திரும்பினார்.

“பாஸ்,” என்றார். “ஆனா இது என்ன கூத்து? சமன்பாட்டைச் சமப்படுத்தாமல் விட்டிருக்கிறாய். பத்தாம் வகுப்புப் பொடியன் செய்வான் இதை. டொக்குத்தராகப் போறியோ? நீ மருந்து கலந்தா ஊர் முழுக்கச் செத்துப்போம். கவனம் எங்கை போனது? மொக்கி. இருவது தரம் எழுதிக்கொண்டு வா.”

இந்த வகுப்புக்கு வந்த நாளிலிருந்து ஒரு ஆசிரியரும் அவளைத் திட்டியதில்லை. எல்லாருக்கும் அவள் பாவப்பட்ட பிள்ளை.

திட்டு விழும்போது எங்கள் பிள்ளைகள் தலையைக் குனிவார்கள். அதுதான் மரியாதை. அவளால் குனிய முடியாது. குனிந்தால் திட்டுத் தெரியாது. அதனால் தர்மினி நிமிர்ந்து நின்று, அவர் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல், கடைசிச் சொல் வரைக்கும் வாங்கிக்கொண்டாள்.